கண்மாயும் வானூர்தியும்: சுழலி எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் முறை

நயினார்கோவிலைச் சூழ்ந்த சிற்றூர்கள் வானம் பார்த்த பூமியாம். மழைக் காலத்தே கண்மாயில் தேங்கும் நீரே அவ்வூர்களின் நெல்லுக்கும் மிளகாய்க்கும் உயிர். ஆயினும் கண்மாய் நிறைந்திருந்தும் வயல் காய்ந்து போதலை உழவர் கண்டிருக்கின்றனர். மடை தூர்ந்து போகலாம். வாய்க்கால் உடைந்து நீர் வேற்றுப் புலத்திற் பாயலாம். திறக்க வேண்டிய மடையை விட்டுப் பிறிதொரு மடை திறக்கப்பட்டிருக்கலாம். நீர் உண்டு; ஆனால் வேண்டிய இடத்திற்கு, வேண்டிய பொழுதில், வேண்டிய அளவில் வந்து சேரவில்லை. பயிர் கருகுவதற்கு அஃதொன்றே போதும்.

ஆகாய விமானத்தின் கதையும் இதுவே. எஞ்சின் நின்று நேர்ந்த விபத்துக்களுட் பல, எஞ்சினுடைய பழுதினால் நேர்ந்தனவல்ல. அதற்குப் பெட்ரோல் சென்று சேராமையால் நேர்ந்தன. தொட்டியிற் பெட்ரோல் இருக்கும்போதே எஞ்சின் நின்றதும் உண்டு. சாலையிற் செல்லும் கார் நின்றால் ஓட்டுபவர் இறங்கி மரநிழலில் அமரலாம். வானிற் செல்பவருக்கு அவ்வசதி இல்லை. ஆதலின், தம் கையாலேயே விமானம் அமைக்க விழைவோர், அதிலும் சுழலி எஞ்சினைப் பொருத்த விழைவோர், பெட்ரோல் செல்லும் வழியை எவ்வாறு வகுத்தல் வேண்டும் என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

நம் நாட்டு முயற்சிகள்

இப்பொருள் நமக்குத் தொலைவானது என்று மாணவர் எண்ணற்க. தம் கையால் விமானம் அமைக்கும் ஆர்வம் நம் மாகாணத்தில் நூறாண்டுக்கு மேற்பட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர், தாமே வகுத்த திட்டப்படி சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு இரட்டைச் சிறகு விமானம் ஒன்றைச் செய்வித்து, சிறு எஞ்சின் பொருத்தி, 1910-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர் முதன்முதற் பறந்த 1903-ஆம் ஆண்டிற்கும் இதற்கும் இடைவெளி ஏழே ஆண்டுகள் என்பது நோக்கத் தக்கது. நம் காலத்தில், மும்பையில் தம் வீட்டு மாடியிலேயே ஆறு பேர் அமரத் தக்க விமானத்தைப் பல்லாண்டு உழைத்து அமைத்த அமோல் யாதவ், 2017-இல் அதற்கு அரசாங்கப் பதிவு பெற்றார்.

சுழலி எஞ்சினும் நமக்குப் புதியதன்று. ஆளில்லாமற் பறக்கும் ‘நிஷாந்த்’ என்னும் விமானத்திற்காக, பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகமும், அகமத்நகரில் (இன்றைய அகில்யாநகர்) உள்ள வாகன ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 55 குதிரைச் சக்தியுள்ள சுழலி எஞ்சினை அமைத்தன. அது 2009-இல் கோலாரில் நிஷாந்தைச் சுமந்து பறந்தது. எஞ்சினின் கருவை முன்னதும், தீப்பொறி அமைப்பு, பெட்ரோல் ஊட்டும் அமைப்பு முதலியவற்றைப் பின்னதும் ஆக்கின. பெட்ரோல் ஊட்டும் வேலை ஒரு தனி நிலையத்தின் பொறுப்பாக விடப்பட்டமையே அதன் அருமையைக் காட்டும். நம் மாவட்டத்து உச்சிப்புளியில் 2009-இல் தொடங்கப்பட்ட ‘பருந்து’ என்னும் கடற்படை விமான நிலையத்தில், 2012-இல் ஆளில்லா விமானப் பிரிவு ஒன்று அமைந்தது. அப்பிரிவிற்குரிய ‘சர்ச்சர்’ விமானத்தின் இரண்டாம் வகையும் சுழலி எஞ்சினாற் பறப்பதே. மன்னார் வளைகுடாவின்மேல் அவ்வொலியைக் கேட்டோர் நம்முள் இருத்தல் கூடும்.

சுழலி எஞ்சின் யாது?

ஒரு பெயரால் இரண்டு பொருள்கள் வழங்குதலின், முதற்கண் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வகை பழைய காலத்தது. பிரெஞ்சு நாட்டுச் செகுவின் சகோதரர்கள் ஆக்கிய ‘நோம்’ எஞ்சின் அவ்வகையின் தலையாயது. ஏழு சிலிந்தர்களும் 50 குதிரைச் சக்தியும் உடைய அது 1909-இல் விமானங்களுக்கு வந்தது. அதில் நடுத்தண்டு அசையாது நிற்க, சிலிந்தர்கள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழலும். காற்றில் தாமே சுழலுதலின் அவை எளிதிற் குளிர்ந்தன. பெட்ரோலும் காற்றும் உள்ளே துளையுடைய அந்நடுத்தண்டின் வழியே உட்சென்றன. மசகு எண்ணெய் யாதெனின், நம் புன்செய்களில் விளையும் ஆமணக்கு நெய்யே. எற்றுக்கெனின், மற்றை எண்ணெய்களைப் பெட்ரோல் கரைத்துவிடும். ஆமணக்கு நெய்யை எளிதிற் கரைக்காது. முதல் உலகப் போரில் நம் நாட்டு வீரர் ஹர்தித் சிங் மாலிக் 1917-இல் ஓட்டிய ‘கேமல்’ விமானம் இவ்வகை எஞ்சின் உடையதே. போர் முடிந்த சில ஆண்டுகளில் இவ்வகை வழக்கொழிந்தது.

இரண்டாம் வகை ஜெர்மானியராகிய பெலிக்ஸ் வாங்கெல் கண்டது. அதன் முதல் மாதிரி 1957-இல் ஓடிற்று. இதிற் பிஸ்டனும் இல்லை; வால்வும் இல்லை. இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறை ஒன்றினுள், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுழலும். அதன் மூன்று முகங்களும் அறையின் சுவரோடு மூன்று சிற்றறைகளை ஆக்குகின்றன. சுழலி சுற்றச் சுற்ற ஒவ்வொரு சிற்றறையும் விரிந்தும் சுருங்கியும், உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களையும் செய்யும். சுழலி ஒருமுறை சுற்றும்போது தண்டு மூன்று முறை சுற்றும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சுழலியிலும் ஒருமுறை எரிதல் நிகழும். இனி இக்கட்டுரையிற் சுழலி எஞ்சின் என்பது இவ்விரண்டாம் வகையையே குறிக்கும்.

ஜப்பான் நாட்டு மாஸ்டா கம்பெனியார் 1967 முதல் இவ்வெஞ்சின் பொருத்திய கார்களை விற்றனர். அவற்றுள் ‘13பி’ எனப்படும், இரண்டு சுழலிகளும் 1308 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சினையே, தாமே விமானம் அமைப்போர் பெரிதும் நாடினர். அசையும் உறுப்புக்கள் சிலவே ஆதலின் அது திடீரென நொறுங்குதல் அரிது. அதிர்வு குறைவு, எடைக்கு ஏற்பச் சக்தி மிகுதி. ஆயினும் அதன் தண்டு நிமிடத்திற்கு ஏறக்குறைய 6000 முறை சுற்றினாலன்றி முழுச் சக்தி தராது. விசிறியோ அவ்வேகத்தைத் தாங்காது. எனவே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி இன்றியமையாதது.

சுழலி எஞ்சின் வேண்டுவன

பெட்ரோல் வழியை வகுப்போர் இவ்வெஞ்சினின் இயல்புகள் நான்கினைக் கருத்தில் இருத்தல் வேண்டும்.

முதலாவது, அது சற்றுப் பெருந்தீனிக்காரன். எரியும் அறை நீண்டு தட்டையாக இருத்தலின் பெட்ரோல் முழுதும் நன்கு எரிவதில்லை. ஒரு குதிரைச் சக்தியை ஒரு மணி நேரம் பெறுவதற்குச் சுமார் கால் கிலோகிராம் பெட்ரோல் என்று கணக்கிடுதல் தக்கது. 160 குதிரைச் சக்தியை முழுதும் எடுத்தால் மணிக்கு 40 கிலோகிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் 0.72 கிலோகிராம் எனக் கொண்டால் அது ஏறக்குறைய 56 லிட்டர். உயரம் எய்திய பின் சக்தியை 65 விழுக்காடாகக் குறைத்துச் செல்லுங்கால் 104 குதிரைச் சக்தி. அதற்கு மணிக்கு 36 லிட்டர். இவ்விரண்டு எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்க; பின்னர் வேண்டப்படும்.

இரண்டாவது, அதன் வெப்பம். வெளிவரும் புகை ஏறக்குறைய 900 பாகை சென்டிகிரேடு வெம்மை உடையது. புகைக்குழாயின் அருகே பெட்ரோற் குழாய் செல்லுதல் பகைவனைப் பாயில் இருத்துவது போலாம்.

மூன்றாவது, சுழலியின் முனைகளில் உள்ள அடைப்புத் தகடுகள் ஓயாது சுவரில் உராய்வன. அவற்றுக்கு எண்ணெய் வேண்டும். அதனை ஒரு சிறு பம்பு தனியே ஊட்டலாம். அல்லது பெட்ரோலிலேயே கலந்து விடலாம். கலப்போர் பலர் அமெரிக்கக் கேலனுக்கு ஓர் அவுன்சு, அஃதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிலிட்டர் என்னும் அளவினை மேற்கொள்கின்றனர். கலக்க மறந்தால் எஞ்சின் அன்றே நில்லாது. ஆனால் அதன் வாழ்நாள் குறையும்.

நான்காவது, இக்காலச் சுழலி எஞ்சின்கள் பெரும்பாலும் பீச்சு முறையால் பெட்ரோல் பெறுவன. பழைய கார்புரேட்டருக்குச் சிறிய அழுத்தம் போதும். பீச்சு முறைக்கோ சுமார் 275 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டும். தொட்டியை மேலே வைத்துப் பெட்ரோலைத் தன் எடையாலேயே இறங்கவிட்டு இவ்வழுத்தத்தைப் பெற முயன்றால் என்னாம்? ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்ரோல் தருவது 7 கிலோபாஸ்கலே. ஆகவே தொட்டி எஞ்சினுக்கு மேலே 39 மீட்டர் உயரத்தில், ஒரு கோபுரத்தின் உச்சியில், இருத்தல் வேண்டும். இது நடவாது. எனவே மின்சாரப் பம்பு இன்றியமையாததாயிற்று. மின்சாரம் நின்றால் எஞ்சினும் நிற்கும் என்னும் புதியதோர் இடரும் உடன் வந்தது.

தொட்டியும் மடையும்

கண்மாய்க்கு மடை, கலுங்கு, கரை என உறுப்புக்கள் இருத்தல் போலத் தொட்டிக்கும் உறுப்புக்கள் உள்ளன. கண்மாயின் அடியில் வண்டல் படியும். தொட்டியின் அடியிலும் நீரும் தூசும் படியும். பெட்ரோலினும் நீர் கனமானது ஆதலின். ஆகையால் தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு குழியும் அதில் வடிகால் வால்வும் அமைத்து, எஞ்சினுக்குச் செல்லும் வாயினைச் சற்றே மேலே வைத்தல் வேண்டும். வாய்க்குக் கீழே தங்கும் பெட்ரோல் பயன்படாதது. பறக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கால் அதனைச் சேர்த்தல் பிழை.

வாயில் ஒரு வலை வேண்டும். அது மிக நுண்ணிதாயின் விரைவில் அடைபடும். ஓர் அங்குலத்திற்கு 8 முதல் 16 கண்கள் உள்ள வலையே விமானங்களுக்கு விதிக்கப்பட்டது. அதன் திறந்த பரப்பு குழாயின் வாய்ப் பரப்பினும் ஐந்து மடங்கேனும் இருத்தல் வேண்டும். ஒரு பாதி அடைபட்டாலும் மறுபாதி வழிவிடும். நுண்ணிய வடிகட்டி பின்னர், பீச்சிகளுக்கு முன்னே, எளிதிற் கழற்றித் துடைக்கும் இடத்தில் அமைக.

அடுத்தது காற்று வழி. கடைக்காரர் எண்ணெய் டின்னைத் திறக்குங்கால் எதிரெதிரே இரண்டு துளை இடுவதனை நாம் கண்டிருக்கிறோம். ஒரு துளை மட்டும் இட்டால் எண்ணெய் விக்கி விக்கி வந்து நின்றுவிடும். எண்ணெய் வெளியேறும் அளவிற்குக் காற்று உட்புகுதல் வேண்டும் அன்றோ? விமானத் தொட்டிக்கும் அவ்வாறே. அக்காற்றுக் குழாய் சிறிதாயினும் அது மாண்டால் விமானமும் மாளும். நம் ஊர்களில் அதன் பெரும் பகை குளவி. இரண்டு மூன்று நாள் விமானம் நின்றாற் போதும். விரல் நுழையாத குழாய்க்குள்ளும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிடும். ஆதலின் காற்று வழியின் வாயில் கம்பிவலை இடுக. வேறோர் இடத்தில் இரண்டாம் காற்று வழியும் வைக்க. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் இரண்டனையும் சோதித்தறிக. காற்று வழியின் வாய் விமானம் செல்லும் திசையை நோக்கி இருப்பின், எதிர்க்காற்று தொட்டியின்மேல் சிறிது அழுத்தம் தந்து துணைபுரியும். பின்னோக்கியிருப்பின் அதுவே பெட்ரோலை வெளியே உறிஞ்சிவிடும்.

ஆவி அடைப்பு

கிணற்றடியில் ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைக்கும் உழவர், பம்பிற் காற்றுப் பிடித்துக்கொண்டால் நீர் ஏறாது என்பதனை நன்கறிவர். இணைப்புக்களில் மண்ணைப் பூசி, பம்பில் நீரை ஊற்றி, மீண்டும் ஓட்டுவர். அவர்தம் பம்பிற் புகுவது வெளிக் காற்று. விமானத்தின் பெட்ரோற் குழாயிலோ வெளிக் காற்றுப் புகாமலே, பெட்ரோல் தானே கொதித்து ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

அதன் காரணத்தை எண்களாற் காண்பாம். ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் அதனைச் சூழ்ந்த அழுத்தத்திற்குச் சமமானால் அது கொதிக்கும். கார்களுக்கு விற்கும் பெட்ரோலின் ஆவியழுத்தம் 38 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 60 கிலோபாஸ்கல் வரை இருக்கலாம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101. ஆகவே அங்கே அச்சமில்லை. 3000 மீட்டர் உயரத்திற் காற்றழுத்தம் 70 ஆகக் குறையும். எஞ்சியுள்ள வேறுபாடு பத்தே. இந்நிலையில் பம்பினை எஞ்சினருகே மேலே வைத்து, ஒரு மீட்டர் கீழேயுள்ள தொட்டியினின்று உறிஞ்சச் செய்தால், அவ்வுயரத்திற்கே 7 கிலோபாஸ்கல் செலவாகும். வடிகட்டியும் வளைவுகளும் எஞ்சிய மூன்றனை விழுங்கும். பெட்ரோல் குழாயினுள்ளே கொதிக்கும், பம்பு ஆவியைப் பிசையும், எஞ்சின் நிற்கும். சித்திரை வெயிலில் நாள் முழுதும் நின்ற விமானத்தில் பெட்ரோல் 38 பாகையினும் மிகச் சூடேறி இருக்கும் ஆதலின், இத்துன்பம் தாழ்ந்த உயரத்திலேயே வரலாம். விமானங்களுக்கெனச் செய்யும் பெட்ரோலின் ஆவியழுத்தம் 38-க்கும் 49-க்கும் இடைப்பட்டதாக வரையறுக்கப்பட்டிருத்தல் இது கருதியே.

இதற்கு மாற்று யாது? பெட்ரோலை உறிஞ்சாதே, தள்ளு என்பதே. பம்பினைத் தொட்டிக்கு அருகே, அதனினும் தாழ்ந்த இடத்தில் வைத்தால், பெட்ரோல் தானே இறங்கிப் பம்பினை நிரப்பும். பம்பிற்குப் பிற்பட்ட குழாயில் 275 கிலோபாஸ்கல் மிகையழுத்தம் இருத்தலின் அங்கே கொதிப்பு எளிதில் நிகழாது. உறிஞ்சும் பக்கத்தில் வளைவும் இணைப்பும் மிகக் குறைவாக இருக்க. எஞ்சின் அறையிற் செல்லும் குழாய்க்குத் தீத்தாங்கும் உறையிட்டு, குளிர்காற்றுப் படுமாறு செய்க.

பம்பு இரண்டு வேண்டும். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று முழுத் தேவையையும் தானே தாங்க வேண்டும். ஒவ்வொன்றிற்கும் மின்சாரக் கம்பியும் காப்பு உருகியும் தனித்தனி அமைக. ஒரே கம்பியில் இரண்டு பம்புகளையும் தொங்கவிடுதல், ஒரே கயிற்றில் இரண்டு வாளிகளைக் கட்டுதலை ஒக்கும். கயிறு அறுந்தால் இரண்டும் கிணற்றிலே.

திரும்பும் பெட்ரோல்

பீச்சு முறையிற் பலரும் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. பம்பு எப்போதும் ஒரே அளவாகத் தள்ளும். எஞ்சின் தனக்கு வேண்டியதை மட்டும் கொள்ளும். மிகுதி திரும்பித் தொட்டிக்கு வரும். திரும்புவது எத்தொட்டிக்கு என்பதே வினா.

ஒரு விமானத்தின் இரு சிறகுகளிலும் 75 லிட்டர்த் தொட்டி ஒவ்வொன்று உள்ளது எனக் கொள்வோம். பம்பு மணிக்கு 150 லிட்டர் தள்ளுவது. சீராகச் செல்லுங்கால் எஞ்சின் கொள்வது, முன்னர்க் கண்டபடி, 36 லிட்டர். திரும்புவது 114 லிட்டர். அமைத்தவர் குழாய் மிச்சம் கருதித் திரும்பும் வழியை எப்போதும் வலத்தொட்டிக்கே விட்டுவிட்டார். ஓட்டுபவர் நிறைந்த இரண்டு தொட்டிகளோடு எழுந்து, இடத்தொட்டியினின்று பெட்ரோல் எடுக்கின்றார். ‘75 லிட்டர், மணிக்கு 36, ஆகவே இரண்டு மணி ஐந்து நிமிடம் செல்லும்’ என்பது அவர் கணக்கு. உண்மை யாது? இடத்தொட்டி மணிக்கு 150 லிட்டர் வீதம் வற்றுகின்றது. அரை மணியிற் காலியாகும். அவ்வரை மணியில் எஞ்சின் எரித்தது 18 லிட்டர். எஞ்சிய 57 லிட்டரும் நிறைந்த வலத்தொட்டிக்குச் சென்று, இடமின்றிக் காற்று வழியாக வானிற் கொட்டிவிட்டது. கலுங்கு வழியே கடலுக்குப் போன கண்மாய் நீரை மீட்க வல்லார் யார்?

இதற்கு வழி இரண்டு. ஒன்று, எத்தொட்டியினின்று எடுக்கப்படுகின்றதோ அத்தொட்டிக்கே திரும்புமாறு, எடுக்கும் வழியையும் திரும்பும் வழியையும் ஒருங்கே மாற்றும் இரட்டை வால்வு. மற்றொன்று, இரு சிறகுத் தொட்டிகளுக்கும் கீழே சில லிட்டர் கொள்ளும் சிறு தொட்டி ஒன்றனை வைத்து, இரண்டினின்றும் பெட்ரோல் அதில் தானே இறங்கச் செய்து, பம்பு அதினின்று எடுக்கவும் மிகுதி அதற்கே திரும்பவும் அமைத்தல். இம்முறையிற் சிறுதொட்டியின் உச்சியினின்று ஓர் ஆவிக் குழாய் பெருந்தொட்டியின் மேற்பகுதிக்குச் செல்லுதல் வேண்டும். அன்றேல் சூடேறித் திரும்பும் பெட்ரோலின் ஆவி அங்கே திரண்டு பம்பினைக் கெடுக்கும்.

தாழ்சிறகு விமானத்தில் ‘இரண்டும்’ என்னும் நிலை வால்வில் இருத்தலாகாது. எனென்றால், ஒரு தொட்டி முன்னே வற்றியதும் பம்பு அதினின்று காற்றையே உறிஞ்சும்; காற்று எளிதில் வருமாதலின் மற்றைத் தொட்டியின் பெட்ரோல் வாராது நிற்கும்.

ஒரு சோக நிகழ்ச்சி

வால்வினை எங்கே வைப்பது என்பதும் உயிர்ப் பிரச்சினையே. அமெரிக்க நாட்டுப் புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர் 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் தம் சிறு விமானம் வீழ்ந்து உயிர் நீத்தார். அது ‘லாங் ஈசி’ என்னும் வகையது. பர்ட் ரூட்டன் என்பார் வகுத்த திட்டப்படி தனியார் ஒருவர் அமைத்தது. திட்டத்தில் தொட்டி மாற்றும் வால்வு ஓட்டுபவரின் கால்களுக்கு இடையே இருந்தது. அமைத்தவர் பெட்ரோற் குழாய் அமரும் அறைக்குள் வரலாகாது என்னும் நல்லெண்ணத்தால், அதனை ஓட்டுபவரின் இடத்தோளுக்குப் பின்னே கொண்டுபோய் வைத்தார். அதனைத் திருப்ப வேண்டுமாயின் ஓட்டுபவர் கட்டுப்பாட்டுக் கோலை விட்டு, உடலைத் திருப்பி, கையைப் பின்னே நீட்ட வேண்டும். வால்வில் நிலைகள் குறிக்கப்படவில்லை. அளவு காட்டும் கண்ணாடியிலும் கோடுகள் இல்லை. பெட்ரோல் குறைவாய் இருந்தும் அவர் நிரப்பிக் கொள்ளாது எழுந்தார். வால்வினைத் திருப்ப முயன்ற பொழுது வலக்காலால் அறியாது சுக்கானை மிதித்தமையால் விமானம் கட்டுமீறிற்று என்பது ஆராய்ந்தோர் முடிபு. வால்வு வைத்த இடமும், குறிகள் இன்மையும், பெட்ரோல் நிரப்பாமையும் துணைக் காரணங்கள் என அவர்கள் எழுதினர்.

அவ்வெஞ்சின் சுழலி வகையன்று. எனினும் பாடம் ஒன்றே. அமைத்தவரின் எண்ணம் தீயதன்று. ஓர் இடரை நீக்கப் போய் மற்றோர் இடரை நட்டுவிட்டார். ஆதலின் வால்வு கண்ணிற்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், எழுத்துக்களோடு இருக்க. ‘இடம்’, ‘வலம்’, ‘மூடு’ என்னும் மூன்று நிலைகளே போதும். மூடும் நிலைக்குத் தவறிச் செல்லாதவாறு ஒரு தடையும் வேண்டும். திட்டத்தினின்று ஒன்றை மாற்ற விழைவோர், அம்மாற்றம் வேறு எவ்வெவற்றைத் தொடுகின்றது என்று எழுதிப் பார்த்த பின்னரே கை வைக்க.

பெட்ரோலின் இயல்பு

சுழலி எஞ்சின் உயர்தரப் பெட்ரோலை வற்புறுத்தி வேண்டுவதில்லை. எனவே சாலையோரப் பங்கிற் கிடைக்கும் பெட்ரோலே போதும் என்பது பலர் எண்ணம். ஆனால் இன்று நம் நாட்டிற் கார்களுக்கு விற்கும் பெட்ரோல் 20 விழுக்காடு வரை எத்தனால் என்னும் சாராயம் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் வளையங்களையும், தொட்டியின் இணைப்பில் இடும் சில பசைகளையும், சில பிசின்களையும் இளக்கும். இளகிய துணுக்குகள் வடிகட்டியை அடைக்கும். எத்தனாலின் வெப்பச் சத்தும் பெட்ரோலினும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே சக்திக்கு ஆறேழு விழுக்காடு மிகுதியாகச் செலவாகும். அன்றியும் அது நீரை ஈர்க்கும். ஓரளவு நீரைத் தன்னுள் மறைத்துவைத்து, அளவு மீறியதும் அல்லது குளிர்ந்ததும், நீரும் சாராயமும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். எஞ்சின் அதனை எரிக்க மாட்டாது. கடற்கரை ஈரக்காற்று உலவும் நம் பகுதியில் இது புறக்கணிக்கத் தக்கதன்று.

எத்தனால் உண்டா என்பதனை மாணவரே சோதிக்கலாம். ஆசிரியர் முன்னிலையில், தீயில்லாத வெளியிடத்தில், அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குழலில் 10 மில்லிலிட்டர் நீரும் 90 மில்லிலிட்டர் பெட்ரோலும் இட்டுக் குலுக்கி நிறுத்துக. கலப்பற்ற பெட்ரோலாயின் அடிநீர் பத்தாகவே நிற்கும். எத்தனால் கலந்ததாயின், அது நீரோடு சேர்ந்துவிடுதலின், அடிநீர் உயர்ந்து காணும். 20 விழுக்காடு கலந்த பெட்ரோலில் அஃது இருமடங்கினும் மிகும்.

சோதனை

அமைத்து முடித்த பின் ஒரு சோதனை தப்பாது செய்யத் தக்கது. விமானத்தின் மூக்கினை, அது மிகச் செங்குத்தாக ஏறும் கோணத்திற்கு உயர்த்தி நிறுத்துக. தொட்டியில் மிகக் குறைந்த பெட்ரோலே இருக்கட்டும். எஞ்சின் வாயிற் குழாயைக் கழற்றி, வேண்டிய அழுத்தம் நிற்கும்படி செய்து, அளவு கலத்திற் பெட்ரோலை விழவிட்டு நேரத்தைக் குறிக்க. பம்பு உள்ள அமைப்பிற்கு, முழுச் சக்தியில் வேண்டியதன்மேல் கால் பங்கு மிகையும், தானே இறங்கும் அமைப்பிற்கு அரைப் பங்கு மிகையும் வருதல் வேண்டும் என்பது விமானத் துறையினர் விதி. நம் எடுத்துக்காட்டில் மணிக்கு 56 லிட்டர். கால் பங்கு சேர 70 லிட்டர். ஆகவே 10 லிட்டர்க் கலம் நிறைய எட்டரை நிமிடத்திற்கு மேற்படலாகாது. இதனை ஒவ்வொரு பம்பிற்கும் தனித்தனியே, ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியே செய்க. கலத்தையும் விமானத்தையும் கம்பியால் இணைத்து நிலத்தோடு சேர்த்தல் மறவற்க. மின்பொறி ஒன்றே எல்லாவற்றையும் சாம்பலாக்கும். இவையெல்லாம் நிறைவுற்ற பின்னரும், நம் நாட்டில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தாரின் இசைவின்றிப் பறத்தல் குற்றமாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெட்ரோல் வழி என்பது தொட்டியையும் எஞ்சினையும் இணைக்கும் வெறுங் குழாயன்று என்பது விளங்கும். காற்று நுழைய வழி, நீர் வடிய வழி, ஆவி ஏற வழி, மிகுதி திரும்ப வழி, ஒன்று கெட்டால் மற்றொன்று என்னும் துணை வழி இவையனைத்தும் சேர்ந்ததே அது. இவற்றுள் எதுவும் அரிய கணிதத்தை வேண்டியதன்று; நாம் செய்த கணக்கெல்லாம் பெருக்கலும் வகுத்தலுமே. வேண்டுவது பொறுமையும், தன் வேலையைத் தானே ஐயுறும் நேர்மையும் ஆம்.

திருமறையில் வரும் பத்துக் கன்னிகைகளின் உவமையை நாம் அறிவோம். பதின்மர் கையிலும் தீவட்டி இருந்தது. பதின்மரும் ஒரே மணவாளனுக்காகக் காத்திருந்தனர். பதின்மருக்கும் உறக்கம் வந்தது. அவர்களுள் வேறுபாடு ஒன்றே. ஐவர் பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டு வந்திருந்தனர். நள்ளிரவில் கடைக்கு ஓடிய மற்றை ஐவர் திரும்புவதற்குள் கதவு அடைபட்டது. வானிலோ ஓடிச்சென்று வாங்குதற்குக் கடையும் இல்லை. ஆகவே விமானம் அமைக்க விழையும் நம் இளைஞர், சிறகின் அழகையும் எஞ்சினின் வலிமையையும் நோக்குவதற்கு முன், தொட்டி தொடங்கி எஞ்சின் வாய் வரை அக்குழாயின் வழியே ஒருமுறை விரலால் தொட்டு நடந்து பார்ப்பாராக. மழைக்கு முன்னரே மடையைப் பார்த்து வைக்கும் நயினார்கோவில் உழவர் நமக்குக் காட்டும் வழியும் அதுவே.